தொழிற்சாலையிற் பிறந்த வீடு

வீடு கட்டப்படும் பொருளா, செய்யப்படும் பொருளா? கொத்தனார் கல்லின்மேற் கல்லை அடுக்கிச் சுவரெழுப்புவதே தொன்றுதொட்டு வந்த வழக்கம். மோட்டார் வண்டியைப் போல வீட்டையும் தொழிற்சாலையிலே செய்து, வேண்டிய இடத்திற் கொண்டுபோய்ப் பொருத்தலாம் என்ற எண்ணம் பல நாடுகளிலே தோன்றியதுண்டு. அதனை மிகப் பெரிய அளவிற் செயற்படுத்தியது சோவியத் யூனியன் ஆகும். அதற்குக் காரணம் புதுமை நாட்டமன்று, பெருந்தேவையே.

இரண்டாம் உலக மகாயுத்தத்தில் அந்நாட்டின் 1,700க்கு மேற்பட்ட நகரங்களும் சுமார் 70,000 கிராமங்களும் பாழாயின. ஏறத்தாழ இரண்டரைக் கோடி மக்கள் வீடிழந்தனர். போருக்கு முன்னரே ஆலைத் தொழிலை நாடி வந்தோரால் நகரங்கள் நிரம்பி வழிந்தன. ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. சமையலறையும் குளியலறையும் பல குடும்பங்களுக்குப் பொது. ‘கொமுனால்கா’ எனப்பட்ட இக்கூட்டு வீடுகளில், கணவனும் மனைவியும் மெல்லப் பேசுவதுகூட அயலவர் செவிக்கு எட்டிவிடும்.

இந்நிலையிலும், ஸ்டாலின் காலத்து மொஸ்கோ தூண்களும் கோபுரங்களும் சிற்ப வேலைப்பாடுகளும் கொண்ட மாளிகைகளையே தன் பெருமையாகக் கொண்டது. அவற்றின் அழகுக்குக் குறைவில்லை. ஆனால் செலவும் காலமும் மிகுதி, குடிபுகுந்தோரோ சிலர்.

1953இல் ஸ்டாலின் மறைந்தார். 1954 டிசம்பரில் கட்டடத் தொழிலாளர், சிற்பிகள் ஆகியோரின் மாநாட்டிலே நிகீதா குருஷேவ் இவ்வீண் அலங்காரங்களைக் கடுமையாகச் சாடினார். வீடமைப்பு இயந்திரத் தொழிலாக மாறவேண்டும் என்பதே அவர் வாதம். 1955 நவம்பரில் ‘மிகைகளை ஒழிக்கும்’ ஆணை பிறந்தது. 1957 ஜூலையில் வந்த மற்றோர் ஆணை, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வீட்டுப் பஞ்சத்தைத் தீர்ப்பதாக உறுதி கூறியது.

மொஸ்கோவின் தென்மேற்கிலுள்ள புதிய செரியோமுஷ்கியில், 1956 முதல் 1958 வரை பல்வேறு அமைப்புகளும் கட்டும் முறைகளும் பரிசோதிக்கப்பட்டன. போருக்குப்பின் பிரான்சில் ரேமோன் காமு என்ற பொறியியலாளர் வகுத்த முறையும் ஆராயப்பட்டது. வித்தாலி லகுதெங்கோ முதலிய சோவியத் பொறியியலாளர்கள் மிகக் குறைந்த செலவிலான வடிவங்களை உருவாக்கினர்.

முறை எளியது. தொழிற்சாலையில் உருக்குக் கம்பிகளை அச்சிலே பரப்பிக் கொங்கிறீற்று வார்ப்பர். நீராவியின் வெப்பத்தால் அது விரைந்து இறுகும். யன்னலுக்குரிய இடத்தோடு சுவர் முழுவதும் ஒரே பலகையாய் வெளிவரும். லொறியிலே வந்த பலகையைப் பாரந்தூக்கி எடுத்து நிறுத்த, தொழிலாளர் உருக்கு இணைப்புகளை ஒட்டவைத்து இடைவெளியைச் சாந்தினால் அடைப்பர்.

சிக்கனம் ஒவ்வோர் அங்குலத்திலும் தெரிந்தது. ஐந்து மாடிக்கு மேற்படின் மின்னுயர்த்தி வேண்டும். ஆகவே ஐந்தோடு நிறுத்தினர். கூரையின் உயரம் சுமார் இரண்டரை மீற்றர். சமையலறை ஐந்தாறு சதுர மீற்றர்.

ஆயினும், அரச கணக்கின்படி 1956 முதல் 1965 வரை பத்துக் கோடிக்கு மேற்பட்ட மக்கள் புதிய அல்லது மேம்பட்ட இல்லங்களிற் குடியேறினர். பலருக்குத் தம் குடும்பத்திற்கே உரிய கதவும் அடுப்பும் வாய்த்தது அப்போதுதான். அக்கதவை மூடிக்கொண்டபின், உள்ளே பேசுவது அயலவர்க்கு உரியதன்று. இம்மாற்றம் மக்கள் மனத்தை எவ்வளவு கவர்ந்தது என்பதற்குச் சான்று, இசைமேதை ஷொஸ்தகோவிச் செரியோமுஷ்கியைப் பொருளாகக் கொண்டு இயற்றிய நகைச்சுவை இசைநாடகமாகும். 1959இல் அது மேடையேறியது.

குறைகளும் இருந்தன. பொருத்துவாய்களிற் குளிரும் ஈரமும் நுழைந்தன. மெல்லிய சுவர்கள் ஒலியை மறைக்கவில்லை. எந்த நகருக்குப் போனாலும் ஒரே தோற்றம். ‘குருஷ்சோவ்கா’ எனப் பெயர் பெற்ற இவ்வீடுகளை, சேரி என்னும் ருஷ்யச் சொல்லோடு இணைத்து ‘குருஷ்சோபா’ என எள்ளினோரும் உளர். 2017இல் மொஸ்கோ நகராட்சி இவ்வகையில் ஏறத்தாழ 5,000 பழைய கட்டடங்களை இடித்து, குடியிருப்போர்க்குப் புது வீடு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அப்போதும், தம் வீட்டை விட்டுப் போக விரும்பாது எதிர்த்தோர் பலர்.

சிலருக்கு மாளிகையா, பலருக்குச் சிறு வீடா என்ற வினா எழுந்தபோது, அந்நாடு இரண்டாவதைத் தேர்ந்தது. அதற்கு விலையாக அழகையும் இடவசதியையும் இழந்தது. அவ்விலை தகுமா என்பதை மதிப்பிடுவோர், கொங்கிறீற்றுச் சுவரின் வெறுமையை மட்டும் நோக்குதல் போதாது. அச்சுவருக்குள் வருமுன் மக்கள் வாழ்ந்த பொது அறையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.