உஷார்! காம்பவுண்டுக் கொடியைக் கஷாயம் போடும் முன்

பெங்களூரு ஜோகுபாளையத்தில் காம்பவுண்டுச் சுவரில் படர்ந்திருக்கும் அமிர்தபள்ளியை ஒடித்துத் தினமும் வெறும் வயிற்றில் கஷாயம் குடிக்கிறவரா நீங்கள்? நாளைக் காலை டம்ளரைத் தொடுவதற்குள் இதைப் படித்துவிடுங்கள். தைராய்டு மாத்திரை போடுகிறவர்களும், கல்லீரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் வந்தவர்களும் அவசியம் படியுங்கள்.

இந்தக் கொடிக்குத் தமிழில் சீந்தில், வடக்கே கிலோய் என்று பெயர். கொரோனா வந்ததும் எதிர்ப்புச் சக்திக்கு நல்லது என்று வாட்ஸ்அப் முழுக்க இதே பேச்சு. 2020 செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குள் மும்பையில் ஆறு பேர் கல்லீரல் பாதிப்போடு மருத்துவர்களிடம் வந்தார்கள். ஆறு பேரும் சீந்தில் சாப்பிட்டவர்கள். மறு வருடம் அந்த விவரம் மருத்துவ இதழில் வெளியானதும் ஆயுஷ் அமைச்சகத்துக்குக் கோபம் வந்துவிட்டது. சீந்தில் பாதுகாப்பானது, இவர்கள் சாப்பிட்டது அதே ஜாடையில் இருக்கும் ‘டினோஸ்போரா கிரிஸ்பா’ என்ற வேறு கொடியாக இருக்கலாம் என்றது.

அமைச்சகம் சொன்னதே சரி என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. தண்டில் பரு பருவாக முடிச்சு இருந்தால் கிரிஸ்பா என்கிறார்கள். விடிந்தும் விடியாத நேரத்தில் அரைத்தூக்கத்தில் கொடி ஒடிக்கப் போகிறவர் முடிச்சை எண்ணிக்கொண்டா நிற்பார்?

விஷயம் அத்தோடு முடியவும் இல்லை. 2022-இல் நாட்டின் 13 மருத்துவமனைகள் சேர்ந்து இதே மாதிரி 43 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டன. குடிக்கத் தொடங்கியதிலிருந்து தொந்தரவு தலைகாட்டுவதற்கு ஆன காலம், நடுவாகப் பார்த்தால், 46 நாள். ஆளை ஏமாற்றுவது இந்த இடைவெளிதான். ஒரு மாதம் குடித்தும் ஒன்றும் ஆகவில்லையே என்று அக்கம்பக்கத்துக்கும் சிபாரிசு செய்துவிடுகிறோம். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் பொருள், சிலருக்கு அந்தச் சக்தியைச் சொந்தக் கல்லீரலின் மேலேயே திருப்பிவிடுகிறது என்பது மருத்துவர்கள் தரும் விளக்கம். சிலவகைத் தைராய்டுக் கோளாறு போன்ற தன்னெதிர்ப்பு நோய் ஏற்கெனவே உள்ளவர்களைத் தனியாக எச்சரிப்பது இதனால்தான். குடிக்கிற எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஆனால் யாருக்கு ஆகும் என்று டம்ளரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அடுத்தது மஞ்சள் காமாலை. கண் மஞ்சளானதும் நம் வீடுகளில் முதலில் தேடுவது கீழாநெல்லியை. அதற்கு ஒரு பெருமை உண்டு, மறைக்க வேண்டாம். 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் ஹெபடைடிஸ் பி கிருமி உடலில் தங்கிவிட்ட 37 பேருக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில், 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. சாதாரணக் காமாலை பெரும்பாலும் ஓய்விலேயே இறங்கிவிடும். பெயர் கீழாநெல்லிக்குப் போகும். எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும், பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் ஆகும். இவற்றுக்குப் பத்தியமும் பச்சிலையும் என்று ஒரு வாரத்தைக் கடத்துவது உயிரோடு விளையாட்டு. கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

சுரைக்காய் ஜூஸ் குடிக்கிறவர்களும் கவனியுங்கள். 2010-இல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி கசப்பான சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இறந்துபோனார். அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு போட்டு ஆராய்ந்து சொன்னது இது: சாறு எடுக்குமுன் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிடுங்கள், வேறு சாறோடு கலக்காதீர்கள். நாமோ கசந்தால்தான் மருந்து என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிற ஜாதி. குக்குர்பிட்டாசின் என்கிற அந்தக் கசப்புக்கு மாற்று மருந்து கிடையாது. குடித்தபின் குமட்டலோ வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் எலுமிச்சை, மோர் என்று நேரத்தைப் போக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

கேரளத்தில் கொழுப்பு குறையும் என்று இரும்பன்புளிச் சாற்றைக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததாக 2013-இல் பதிவாகியிருக்கிறது. அதிலுள்ள ஆக்சலேட்தான் காரணம். குழம்பில் போடும் அளவு வேறு, டம்ளர் டம்ளராகப் பிழிந்து குடிப்பது வேறு.

சித்த, ஆயுர்வேத மருத்துவரிடம் போகவே கூடாது என்று சொல்ல வரவில்லை. பட்டம் பெற்றுப் பதிவு செய்தவரிடம் போங்கள். என்ன மூலிகை, எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். உரிம எண்ணும் பேட்ச் எண்ணும் இல்லாத டப்பாவைத் தெருவில் யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

சிறுநீர் தேநீர் நிறத்தில் போகிறது, சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது என்றால் அன்றைக்கே கஷாயத்தை நிறுத்துங்கள். இந்திராநகர் சி.வி. ராமன் பொது மருத்துவமனை ஆட்டோவில் போகிற தூரம்தான். போகும்போது அந்தப் பாட்டிலையோ கொடித் துண்டையோ பையில் போட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். அவர் கேட்கவில்லை என்றாலும் நீங்களே சொல்லுங்கள். மருந்தின் பக்கவிளைவை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே புகாராகவும் பதியலாம்.