மறதியுற்ற தாயும் மறக்கலாகாத கடமையும்

ரமலான் பிறைக்குச் சில நாள்களே எஞ்சியிருந்த ஒரு மாலைப் பொழுது. அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்த என்னிடம் அன்பர் ஒருவர் வந்து அமர்ந்தார். கடைவீதியில் வணிகம் செய்பவர். ஐம்பது வயதை நெருங்கியவர். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு மெல்லக் கேட்டார்: "ஹஜ்ரத், என் உம்மா ஒரே நாளில் லுஹரை நான்கு முறை தொழுகிறார்கள். ஒரு முறை ருகூவு விடுபடுகிறது. மறுமுறை சுஜூது மூன்றாகிறது. திருத்தினால் அழுகிறார்கள். திருத்தாமல் விட்டால் எனக்குக் குற்றமாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். நான் என்ன செய்வது?"

வாசக அன்பர்களே! இது ஒரு வீட்டின் கேள்வி மட்டும் அன்று. 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் 5 கோடியே 70 லட்சம் பேர் இம்மறதி நோயுடன் வாழ்ந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. நம் நாட்டில் 60 வயது கடந்தோருள் நூற்றுக்கு ஏழு பேருக்குமேல் இந்நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இருப்பது மருத்துவமனையில் அன்று. நம் வீட்டுக் கூடத்தில், நம் கண்ணெதிரே.

முதற்கண் நோயை அறிந்துகொள்வோம். 1906ஆம் ஆண்டில் அலாய்ஸ் அல்சைமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், நினைவிழந்து மறைந்த ஒரு பெண்மணியின் மூளையை ஆராய்ந்து, அதில் வேண்டாத படிவுகளும் முறுக்கேறிய நார்களும் மண்டியிருப்பதை எடுத்துக் காட்டினார். மறதி நோய்களுள் மிகுதியாகக் காணப்படும் வகை அவர் பெயராலேயே வழங்குகிறது. இந்நோயில் முதலில் அழிவது அண்மை நினைவு; நெடுநாள் நினைவோ நீண்ட காலம் தங்கி நிற்கும். அந்தத் தாய் சற்று முன் தொழுததை மறந்துவிடுகிறார். ஆயின் ஏழு வயதில் ஓதிப் பழகிய அல்ஹம்து சூராவை மறக்கவில்லை. பாங்கொலி கேட்டதும் எழுந்து நிற்கிறார். அவர் மறந்தது தொழுகையை அன்று, தொழுதுவிட்டோம் என்பதைத்தான்!

இதனைச் செய்வினை என்றும், ஜின்னின் சேட்டை என்றும், பாவத்தின் தண்டனை என்றும் பேசித் திரிவோர் உளர். அன்பர்களே, அவ்வாறு பேசாதீர்கள். சிலர் தள்ளாத முதுமைக்குத் திருப்பப்பட்டு, அறிந்திருந்த யாவற்றையும் அறியாதவராகிவிடுவர் என்பதைத் திருமறையின் நஹ்ல் அத்தியாயமும் ஹஜ்ஜு அத்தியாயமும் படைப்பின் நியதியாகவே எடுத்துரைக்கின்றன. எம்பெருமானார் (ஸல்) அவர்கள் அத்தகைய முதுமையிலிருந்து இறைவனிடம் காவல் தேடியதாகப் புகாரி நூலில் காண்கிறோம். காவல் தேட வேண்டிய சோதனை அது. இழித்துரைக்க வேண்டிய குற்றம் அன்று.

ஆகவே மந்திரிப்போரைத் தேடி ஓடுமுன் மருத்துவரை நாடுங்கள். பி12 வைட்டமின் குறைவு, தைராய்டு சுரப்பிக் குறைவு, ஆழ்ந்த மனச்சோர்வு ஆகியவற்றாலும் நினைவு தடுமாறும். அவை மருந்துக்குக் கட்டுப்படுபவை. நேற்றுவரை தெளிவாயிருந்தவர் இன்று திடீரெனக் குழம்பினால் அது தொற்று நோயினாலோ, உட்கொண்ட மருந்தினாலோ இருக்கலாம்; ஒரு நாளும் தாமதிக்கலாகாது. அல்சைமர் நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆயினும் தொல்லைகளைத் தணிக்கும் மருந்துகள் உண்டு.

இனி, அன்பர் கேட்ட வினாவுக்கு வருவோம். மார்க்கக் கடமைகள் அறிவின்மீதே சுமத்தப்பட்டுள்ளன. உறங்குபவர், பருவமடையாச் சிறுவர், சித்தம் தெளிவற்றவர் ஆகிய மூவருடைய செயல்களும் அந்நிலை நீங்கும்வரை ஏட்டில் பதியப்படுவதில்லை. அவர்களைவிட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூத் முதலிய நூல்களில் பதிவான நபிமொழியின் கருத்து இது. நோயின் தொடக்கத்தில், தெளிவுள்ள நேரங்களில் தொழுகை கடமையே. அப்பொழுது அருகில் அமர்ந்து ரக்அத்தை நினைவூட்டலாம். தெளிவு முற்றும் அகன்றபின் தொழுகையும் நோன்பும் கடமையல்ல. விடுபட்டவற்றைக் கழாச் செய்ய வேண்டியதும் இல்லை. அவர்தம் செல்வத்திற்குரிய ஜகாத்தைப் பொறுப்பாளர் கொடுக்க வேண்டும் என்பது ஷாபிஈ மத்ஹபு. கடமையில்லை என்பது ஹனபி மத்ஹபு.

"அப்படியாயின் உம்மாவைத் திருத்த வேண்டாமா?" என்றார் அவர். "வேண்டாம். ஐந்தாவது முறையும் முஸல்லாவை விரித்துக் கொடுங்கள்" என்றேன்.

அடுத்து அவர் தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டார். "வாப்பா மவுத்தாகி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. 'வாப்பா இன்னும் வரவில்லையா?' என்று அந்தி தோறும் கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால் அன்றுதான் கேள்விப்பட்டவர்போல் கதறுகிறார்கள். பொய் சொல்லலாமா?" அன்பர்களே, சிந்தித்துப் பாருங்கள்! ஒரே மரணச் செய்தியை ஒரு பெண்ணிடம் நூறு முறை அறிவிப்பதா வாய்மை? பொய்யும் வேண்டாம், அச்செய்தியும் வேண்டாம். "வாப்பாவைத் தேடுகிறதா, உம்மா? அவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று அருகில் அமருங்கள். அவர் தேடுவது விடையை அன்று; துணையை. அந்தி சாயும் வேளையில் இந்நோயாளருக்குக் கலக்கம் மிகுவது இயல்பு. இருள் சூழுமுன் விளக்கேற்றுங்கள். வீட்டில் இரைச்சலைக் குறையுங்கள். நாள்தோறும் ஒரே ஒழுங்கில் உணவும் ஒளுவும் நடைபெறட்டும். கழிவறைக்குச் செல்லும் வழியில் இரவெல்லாம் சிறு விளக்கு எரியட்டும். அடுப்பின் எரிவாயுவை அடைத்து வையுங்கள். வெளியே சென்றால் வழி தவறக்கூடும்; தொலைபேசி எண்ணை அவர் உடையில் தைத்துவிடுங்கள்.

பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தில் இறைவன் தன்னை மட்டுமே வணங்குமாறு பணித்த உடனேயே பெற்றோரைப் பேணுமாறு பணிக்கிறான். அவர்களிடம் 'சீ' என்ற சொல்லையும் விலக்குகிறான். அங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள்: அவர்கள் முதுமை அடைவது 'இந்தக்க' என்கிறான், அதாவது 'உன்னிடத்தில்'. எங்கோ ஓரிடத்தில் அன்று. உன் பொறுப்பில், உன் அருகில். அடுத்து, சிறுவயதில் நம்மை அவர்கள் வளர்த்ததை நினைவுகூர்ந்து அவர்களுக்காக இறைஞ்சக் கற்பிக்கிறான். ஒரே கேள்வியை நாம் நூறு முறை கேட்ட காலம் ஒன்று இருந்தது அன்றோ?

இதுவரை நான் விடை கூறினேன். பின்னர் நான் ஒன்று கேட்டேன்: "இரவில் உம்மாவுடன் விழித்திருப்பவர் யார்?" "என் மனைவி" என்றார். "அவர் முழு இரவு உறங்கி எத்தனை நாளாயிற்று?" அவர் தலை தாழ்ந்தது.

சகோதரர்களே! மாமியாருக்குப் பணிவிடை செய்வதை மார்க்கச் சட்டம் மருமகள்மீது கடமையாக்கவில்லை. அவர் செய்வது உபகாரம், கடமை மக்களுடையது. மனைவியின் தோளில் அதை ஏற்றிவிட்டுப் பள்ளிவாசல் திண்ணையில் தாயின் தொழுகைக்குச் சட்டம் கேட்பது எவ்வகை நியாயம்? வாரத்தில் சில இரவுகளையேனும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். உடன்பிறந்தோர் முறை வைத்துக்கொள்ளுங்கள். மஹல்லாவில் இத்தகைய வீடு இருந்தால், அண்டை வீட்டார் ஒரு மணி நேரம் சென்று அமருங்கள். அந்தப் பெண் கண்ணயரட்டும். முதியோர்க்கான அரசின் உதவித் தொலைபேசி எண் 14567. தேவைப்படுவோர் அழைத்துக் கேட்கலாம்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. தெளிவற்ற நிலையில் ஒருவர் செய்யும் விற்பனையும் நன்கொடையும் மார்க்கத்தில் செல்லா. நோயுற்ற தாயின் கைரேகையைப் பத்திரத்தில் பதிய வைத்துச் சகோதரியின் பங்கைத் தனதாக்கிக்கொள்பவன் ஊராரை ஏமாற்றலாம். இறைவனை ஏமாற்ற இயலாது. எழுதுகோல் உயர்த்தப்பட்டது தாயை விட்டுத்தான்; மகனைவிட்டு அன்று. தாயின் ஏடு மூடியிருக்கும் அந்நாள்களில், நம் ஏட்டில் ஒவ்வொரு சொல்லும், ஒவ்வொரு முகச்சுளிப்பும், அவர் வாயில் ஊட்டிய ஒவ்வொரு கவளமும் பதிவாகிக்கொண்டே இருக்கின்றன.

மஃரிபு பாங்கு ஒலித்தது. தொழுகை முடிந்ததும் அவர் எவருடனும் நின்று பேசாமல் வீட்டை நோக்கி விரைந்தார். அது அவருடைய உம்மா கணவரைத் தேடும் நேரம்.

நம்மைப் பெற்றவர்கள் நம்மை யாரென்று அறியாத நாளிலும், அவர்கள் யாரென்று நாம் அறிந்து நடக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.