வெட்டிய மூங்கிலில் தேங்கும் தண்ணீர்

தாமான் வீடுகளில் வேலியோரம் மஞ்சள் மூங்கில் வைப்பது பலருக்கும் பிடித்துப்போயிருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மூங்கில் புதிதல்ல. ஆனால், பத்தடி முற்றத்தில் அதை அடக்கி வளர்ப்பது வேறு வேலை.

மஞ்சள் மூங்கில் புதராக வளரும் இனம். மண்ணுக்கடியில் வெகுதூரம் ஓடாது. ஆனாலும் புதர் ஆண்டுக்கு ஆண்டு பருத்துக்கொண்டே போகும். சுவரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி நடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டாரோடு மனத்தாங்கல்தான். மழைக்காலத்தில் கிளம்பும் குருத்து சில மாதங்களிலேயே முழு உயரத்தை எட்டிவிடும். அதனால் வேண்டாத குருத்தை இளசிலேயே உடைத்துவிடுவது சுலபம்.

பெரிய கவலை கொசுதான். முற்றிய மூங்கிலைப் பாராங் கத்தியால் கண்ட இடத்தில் வெட்டினால், கணுவுக்கு மேல் எஞ்சும் குழல் குவளையாகிவிடும். ஒரு மழை போதும், டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். பத்து நாளுக்குள் புதுக் கொசு பறக்கும். கணுவை ஒட்டி, அதற்குச் சற்றே மேலே வெட்டினால் தண்ணீர் நிற்க இடமிருக்காது. பழைய கட்டைகளில் மணலை நிரப்பிவிடுங்கள்.

வரவேற்பறையில் தண்ணீரில் வைக்கும் 'அதிர்ஷ்ட மூங்கில்' மூங்கிலே அல்ல, அது டிரசீனா இனச் செடி. அந்தக் கண்ணாடிக் குவளையும் ஏடிஸுக்குத் தோதான இடமே. வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றும்போது உள்பக்கத்தையும் தேய்த்துக் கழுவுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் முட்டை, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.