துருவும் கையொப்பமும்: பழைய யப்பானிய வாள்களைச் சேகரித்தல் பற்றிய சில குறிப்புகள்

பழம்பொருள் சேகரித்தலை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது நமது ஆய்வாளரிடையே உள்ள வழக்கமாகும். அஃது அவ்வளவு எளிதாக ஒதுக்கக்கூடிய ஒன்றன்று என்பதை நாம் உணர்ந்தது, கலாநிதிப் பட்ட ஆய்வின்பொருட்டு இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்திலாகும். அங்கு அறிமுகமான நண்பர் ஒருவர், தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் உழைத்து ஓய்வுபெற்றவர், தமது சேமிப்பைக் கொண்டு பழைய யப்பானிய வாளொன்றை வாங்கியிருந்தார். பிடியைக் கழற்றியபோது உள்ளே மறைந்திருந்த பகுதி கருந்துரு படிந்து காணப்பட்டது. அதில் வெட்டப்பட்டிருந்த எழுத்துக்கள் தெளிவாகத் தெரியவேண்டும் என்ற நல்லெண்ணத்துடன் அரமும் மணற்கடதாசியும் கொண்டு அதனைப் பளபளப்பாக்கினார். சில மாதங்களின் பின்னர் இத்துறையில் வல்லார் ஒருவரிடம் வாளைக் காட்டினார். “இதன் வயதை நீங்கள் அழித்துவிட்டீர்கள்” என்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழி.

அத்துருவின் முக்கியத்துவத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். பிடிக்குள் செல்லும் வாலுக்கு யப்பானியர் நக்காகோ என்று பெயரிடுவர். வெட்டும் பகுதி தலைமுறைதோறும் தீட்டப்படுவது. நக்காகோவோ கொல்லன் கைவிட்ட நாள்முதல் தீண்டப்படாதிருப்பது. எனவே துருவின் நிறம், அடர்த்தி, அரம் இழுத்த கோடுகளின் சாய்வு, மூங்கில் ஆணி செல்லும் துளைகளின் எண்ணிக்கை ஆகியன யாவும் சான்றுகளாகின்றன. துளைகள் ஒன்றுக்கு மேற்பட்டிருப்பின் வாள் பிற்காலத்திற் குறுக்கப்பட்டது என ஊகிக்கலாம். குதிரைவீரருக்கென 13ஆம், 14ஆம் நூற்றாண்டுகளில் அடிக்கப்பட்ட நீண்ட வாள்கள் பல, பின்வந்த போர்முறைக்கேற்ப வாற்பக்கத்தில் வெட்டிக் குறுக்கப்பட்டன. கையொப்பமும் அத்துடன் போயிற்று. பழைமை மிக்க வாள்கள் பலவற்றிற் பெயரில்லாதிருப்பதற்கு இது முக்கிய காரணமாகும்.

பெயருள்ள வாள்களோ வேறொரு சிக்கலைத் தருகின்றன. புகழ்பெற்ற கொல்லரின் பெயரைப் பிறர் வாள்களில் வெட்டிவிடும் வழக்கம் மிகப் பழையது. கிமெய் எனப்படும் இப்போலிக் கையொப்பம் ஏதோ அபூர்வமாக நிகழ்வதன்று. பெரிய பெயரைக் கண்டவுடன் ஐயுறுவதே இத்துறையின் முதற்பாடம். பிற்கால மருத்துவ நூல்களும் மாந்திரிக நூல்களும் அகத்தியர் பெயரில் உலாவுவதை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. சுவடியைப் பதிப்பிப்பவன் இறுதிக் குறிப்பை மட்டும் நம்பாது மொழிநடையைச் சோதிப்பதுபோல, வாளை ஆராய்பவனும் வடிவத்தையும், எஃகின் மேற்பரப்பில் மரவரிபோல் ஓடும் இழையமைப்பையும், ஹமோன் எனப்படும் தோய்ச்சற் கோட்டையும் நோக்குகிறான். யப்பானில் வாளன்பர் கூடும் பயிற்சிக் கூட்டங்களில் நக்காகோவை மறைத்துவிட்டு, அலகை மட்டும் கொண்டு கொல்லன் யார் எனச் சீட்டெழுதிக் கொடுக்குமாறு கேட்பர். இதனைவிடச் சிறந்த திறனாய்வுப் பயிற்சி நமது பல்கலைக்கழகங்களில் உண்டா என நாம் சில வேளைகளில் எண்ணியதுண்டு.

ஆயினும் பெயருக்கு இத்துணை விலை எவ்வாறு ஏற்பட்டது என்ற வினாவை வாளன்பர்கள் பொதுவாக எழுப்புவதில்லை. அதற்கான விடை வாளிலன்று, சமூக வரலாற்றில் உள்ளது. 1588இல் தொயோதொமி ஹிதெயோஷி குடியானவரிடமிருந்து வாள், ஈட்டி, துப்பாக்கி முதலியவற்றைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டான். பறித்த இரும்பு கியோத்தோவிற் கட்டப்பட்ட பெரும் புத்தர் ஆலயத்திற்கு ஆணிகளாகும் என்றும், அதனாற் குடியானவர் இம்மையிலும் மறுமையிலும் நலம்பெறுவர் என்றும் ஆணை கூறிற்று. உழுபவனிடமிருந்து படைக்கலத்தைப் பிரித்து, போர்வீரரைத் தனிச் சாதியாக நிறுத்திய நடவடிக்கை அது. புத்தரின் பெயர் அதற்குப் போர்வையாயிற்று.

அதன்பின் தொக்குகாவா ஆட்சியில் இரண்டரை நூற்றாண்டு காலம் பெரும்போர் இன்றிக் கழிந்தது. வாளின் பயன்பெறுமதி சுருங்கச் சுருங்க அதன் பரிவர்த்தனைப் பெறுமதி வளர்ந்தது. பிரபுக்கள் திருமணம், பட்டமேற்பு போன்ற நிகழ்ச்சிகளில் வாள்களைக் கைமாற்றினர். கைமாறும் பண்டத்திற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட விலை வேண்டியிருந்தது. வாள் தீட்டுதலையும் மதிப்பிடுதலையும் பரம்பரைத் தொழிலாகக் கொண்ட ஹொன்னாமி குடும்பத்தினர், கொல்லன் பெயரையும் பொன்னில் விலையையும் எழுதி ஒரிகாமி எனப்பட்ட மடிப்புத்தாளை வழங்கினர். 1719இல் ஷோகன் யொஷிமுனேயின் பணிப்பில் புகழ்பெற்ற வாள்களின் பட்டியலொன்றையும் அவர்கள் தொகுத்தளித்தனர். “ஒரிகாமி உடையது” என்ற தொடர் யப்பானிய மொழியில் இன்றும் நம்பகமானது என்ற பொருளில் வழங்குகின்றது. இன்று வாங்குவோர் முதலிற் கேட்கும் சான்றிதழை, 1948இல் தோன்றிய யப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கம் வழங்குகின்றது. நிறுவனம் புதியது, பண்டத்தின்மீது தாள் செலுத்தும் ஆட்சி பழையதே.

அந்தத் தாளில் இடம்பெறாதவர்களையே நாம் வற்புறுத்திக் கூற விரும்புகிறோம். வாளுக்குரிய தமஹகனே என்னும் எஃகு, பெரும்பான்மையும் சிமானே முதலிய மலைப்பிரதேசங்களில் தத்தாரா என்னும் களிமண் உலைகளில் உருவாயிற்று. மலைச்சரிவை வெட்டி வாய்க்காலில் இட்டு, மண்ணை அடித்துச்செல்லவிட்டு, அடியிற் படியும் இரும்புமணலை அள்ளினர். கலங்கல்நீர் கீழுள்ள வயல்களையும் ஆற்றுப்படுகைகளையும் பாழாக்கியமையால் உழவருக்கும் இரும்பு முதலாளிகளுக்குமிடையே பிணக்குகள் எழுந்தன. வயலுக்கு நீர் வேண்டாத குளிர்காலத்துக்கு அவ்வேலையை வரையறுக்கவேண்டியும் ஏற்பட்டது. மூன்று பகலும் மூன்று இரவும் உலை எரியவேண்டும். துருத்தியை முறைவைத்து மிதித்த தொழிலாளர் பங்கோ எனப்பட்டனர். முறைமாறிச் செய்தலைக் குறிக்கும் யப்பானியச் சொல்லொன்று அவர்களிடமிருந்தே பிறந்தது என்பர். 1977இல் மேற்கூறிய சங்கம் மீண்டும் தொடக்கிய உலையில், ஒரு தடவைக்கு ஏறத்தாழ 10 தொன் இரும்புமணலும் 12 தொன் கரியும் இட, 2.5 தொன் அளவான பாளம் கிடைக்கின்றது. அதிலும் வாளுக்கு உகந்த எஃகு ஒரு தொன்னுக்குக் குறைவாகும். கரிக்கென வெட்டப்பட்ட காடுகளின் பரப்பை இதிலிருந்து உய்த்துணரலாம்.

பட்டறையிலும் கொல்லன் தனியனல்லன். எஃகை மடித்து மடித்து அடிக்கையில் எதிர்நின்று சம்மட்டி போடும் உதவியாளர் உண்டு. உரையாடலில் “ஆம், ஆம்” என இடையிட்டு ஒத்துரைப்பதை யப்பானியர் அய்சுச்சி என்பர். அச்சொல் இந்தச் சம்மட்டியின் பெயரே. தீட்டுபவர், உறை செய்பவர், பிடி சுற்றுபவர் எனத் தொழில் பலவாகப் பிரிந்துநிற்க, வாலிற் பொறிக்கப்படுவதோ பெரும்பாலும் ஒருவர் பெயர்.

1876இல் மெய்ஜி அரசு பொதுவிடத்தில் வாள் அணிவதைத் தடைசெய்தபோது இத்தொழில்கள் நிலைகுலைந்தன. கொல்லர் பலர் கத்தி, கத்தரிக்கோல் அடிக்கலாயினர். வாளணிகலன் செதுக்குவதில் நிகரற்றவரான கனோ நட்சுவோ புதிய அரசின் நாணயங்களுக்கு உருவம் அமைத்தார். வறுமையுற்ற வீரர் குடும்பங்கள் விற்ற வாள்களும் கைக்காப்புத் தகடுகளும் ஐரோப்பிய, அமெரிக்கச் சேகரிப்பாளரைச் சென்றடைந்தன. இன்றைய மேனாட்டு நூதனசாலைகளிலுள்ள தொகுதிகள் பலவற்றின் தொடக்கம் இதுவே.

வீழ்ந்த தொழிலை மீண்டும் தூக்கிநிறுத்தியது இராணுவவாதம். 1933இல் யசுகுனி ஆலய வளவில் மரபுமுறைப் பட்டறை நிறுவப்பட்டு 1945 வரை இயங்கிற்று. அதற்கு வெளியே தொழிற்சாலைகள் அதிகாரிகளுக்கென வாள்களைத் திரளாக உற்பத்தி செய்தன. 1942 முதல் 1945 வரை மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்து பின்னர் யாழ்ப்பாணம் மீண்ட நம்மவர் குடும்பங்களில் இவ்வாள் பற்றிய நினைவு கலைநினைவன்று. அழகியல் பேசும் சேகரிப்பு நூல்கள் இவ்விடத்தில் மௌனம் சாதிப்பதை நாம் மன்னிக்கத் தயாராயில்லை.

தோல்வியின் பின்னர் ஆக்கிரமிப்புப் படை வாள்கள் அனைத்தையும் ஒப்படைக்கக் கட்டளையிட்டது. அறிஞர் ஹொம்மா ஜுன்ஜி போன்றோர் முயன்று கலைப்பெறுமதியுடையவற்றுக்கு விலக்குப் பெற்றனர். எனினும் எண்ணற்றவை அழிந்தன, எண்ணற்றவை படைவீரரின் பொதிகளிற் கடல்கடந்தன. தொக்குகாவா குடும்பம் ஒப்படைத்த ஹொஞ்சோ மசமுனே என்ற வாள் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. அமெரிக்கச் சேகரிப்பாளரான வோல்ற்றர் கொம்ரன், தம்மிடமிருந்த குனிமுனே வாள் ககொஷிமாவிலுள்ள தெருகுனி ஆலயத்தின் தேசியச் செல்வம் என அறிந்து, 1963இல் கைம்மாறின்றித் திருப்பியளித்தார். அவர் இறந்தபின் எஞ்சிய தொகுதியின் பெரும்பகுதி 1992இல் நியூயோர்க்கில் ஏலத்திற்கு வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

புதிதாக வாங்க எண்ணுவோர்க்கு ஓரிரு நடைமுறைச் செய்திகள். யப்பானில் மரபுமுறையில் அமைந்த வாள்களே பதிவுபெறும். பதிவுச் சான்று வாளோடு செல்லும். நாட்டைவிட்டு வெளியேற்றப் பண்பாட்டு முகவரகத்தின் அனுமதி வேண்டும். 60 சென்ரிமீற்றருக்குக் குறைந்த வகிசாஷி நெடுவாளிலும் மலிவாகக் கிடைக்கும். வெட்டுமுனைக்குக் குறுக்கே ஓடும் மயிரிழை வெடிப்பு எந்தப் பெயராலும் ஈடுசெய்ய முடியாத குறை. தேர்ந்த தீட்டுநரிடம் கொடுக்கும் கூலி வாளின் விலையையும் மிஞ்சக்கூடும்; தானே தீட்டிப்பார்ப்பதோ எப்பொழுதும் தவறு. ஒவ்வொரு தீட்டும் தோலெஃகைச் சிறிது தின்கிறது. மிகத் தீட்டிய வாளில் உள்ளிருக்கும் மென்னிரும்பு திட்டுத்திட்டாக வெளித்தெரியும். முதல் வாளுக்கு முன் நூல்களை வாங்குக என்ற அறிவுரையை எல்லோரும் தருகின்றனர். நமது நண்பர் அதனைப் பின்னரே கேட்டார்.

அவர் அவ்வாளை விற்கவில்லை. நாம் இறுதியாகச் சந்தித்தபோது, அரம் எட்டாதுவிட்ட விரற்கடை அளவான மூலையொன்றை விளக்கடியில் காட்டினார். வலமிருந்து இடமாகச் சரிந்த கோடுகள் சில அங்கே எஞ்சியிருந்தன. “இவன் அரத்தை இழுக்கும்போது மணிக்கட்டைச் சற்று உயர்த்தியிருக்கிறான், எங்கள் பட்டறையிலும் ஒருவன் அப்படித்தான்” என்றார்.