விமானிக்கு முதுகலைப் பட்டம் அவசியமா?

 

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கல்வி ஆலோசனை கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் குடும்பங்களில், "பிள்ளை பைலட் ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்" என்று சொல்லும் வாப்பாக்கள் இப்போதெல்லாம் ஒன்றிரண்டு பேராவது இருக்கிறார்கள். முன்பு இதைக் கேட்டால் சிரித்துவிட்டு இன்ஜினீயரிங் விண்ணப்பத்தை நீட்டுவோம். இன்று அப்படிச் செய்வதில்லை. நம் பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு திறந்தேதான் இருக்கிறது.

ஆனால் அண்மையில் வந்த ஒரு குடும்பம் வேறொரு கேள்வியோடு வந்தது. மகன் பயிற்சி முடித்து வணிக விமானி உரிமம் வாங்கிவிட்டார். ஓராண்டாகியும் வேலை கிடைக்கவில்லை. "சும்மா இருப்பதற்கு இரண்டு வருடம் ஏவியேஷன் எம்.பி.ஏ. படிக்கிறேன், அது இருந்தால் ஏர்லைனில் முன்னுரிமை கொடுப்பார்கள்" என்கிறார். வாப்பா வளைகுடாவில் பாடுபட்டுச் சேர்த்ததெல்லாம் ஏற்கெனவே பயிற்சிக்குப் போய்விட்டது. மீதி இருப்பது, தங்கையின் கல்யாணத்துக்கு என்று உம்மா எடுத்து வைத்திருக்கும் நகை மட்டும்தான். அதை விற்கலாமா, அல்லது பைத்துல்மாலிலிருந்து உதவி கிடைக்குமா என்று கேட்டார்கள்.

அவர்களுக்கு நாம் சொன்ன பதில் மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறோம்.

சட்டம் என்ன கேட்கிறது?

நம் நாட்டில் விமானி உரிமம் வழங்குவது டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இயற்பியல், கணிதம் பாடங்களோடு 12-ஆம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். வேறு பிரிவில் படித்தவர்கள் இந்த இரண்டு பாடங்களையும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் எழுதிக்கொள்ளலாம். இந்த விதியைத் தளர்த்துவது பற்றிய பேச்சும் நடந்து வருவதால், சேரும் நேரத்தில் டி.ஜி.சி.ஏ. இணையதளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இவை தவிர, வழிகாட்டல், வானிலை, விமான விதிமுறைகள், தொழில்நுட்பம் ஆகிய தாள்களில் 70 சதவீத மதிப்பெண், ரேடியோ இயக்குநர் சான்று, முதல் வகுப்பு மருத்துவத் தகுதி, 200 மணி நேரம் பறந்த அனுபவம் ஆகியவை வேண்டும்.

பெரிய விமானத்தின் கேப்டன் இருக்கையில் உட்கார அடுத்த உரிமம் வேண்டும். அதற்கு 21 வயதும் 1500 மணி நேரப் பறத்தலும் தேவை. இரண்டு பட்டியல்களையும் மேலிருந்து கீழ்வரை படித்துப் பாருங்கள். முதுகலை இருக்கட்டும், இளங்கலைப் பட்டம்கூட எங்கும் கேட்கப்படவில்லை.

ஏர்லைன் எதைப் பார்க்கிறது?

எழுத்துத் தேர்வு, மனத்திறன் சோதனை, சிமுலேட்டர் சோதனை, நேர்காணல் ஆகியவற்றின் வழியாகத்தான் ஆளெடுக்கிறார்கள். கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது, ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற குறிப்பிட்ட விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் இருக்கிறதா, கடைசியாக எப்போது பறந்தார் என்பவைதான் எடைபோடப்படும். எம்.பி.ஏ. இருந்தால் நேர்காணலில் ஒரு நல்ல வார்த்தை கிடைக்கலாம். ஆனால் சிமுலேட்டரில் தடுமாறியவரை அந்தப் பட்டம் காப்பாற்றாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விமானிகளின் உலகம் சீனியாரிட்டியின் உலகம். பணியில் சேர்ந்த தேதியும் பறந்த மணி நேரமும்தான் ஃபர்ஸ்ட் ஆபீசரைக் கேப்டன் ஆக்குகின்றன. வேலைக்கு ஆளெடுக்கும் நேரத்தில் வகுப்பறையில் உட்கார்ந்திருந்தால், அந்த இரண்டு ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் எல்லோரும் நமக்கு முன்னால் போய்விடுவார்கள். தவிர, கருவிகளை மட்டுமே பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மருத்துவச் சான்றும் அப்படியே. ஓட்டாமல் விட்டால் கை மறந்துபோகும்.

அமெரிக்காவின் விதி இந்த விஷயத்தைத் தெளிவாகக் காட்டும். அங்கே ஏர்லைன் விமானிக்கு 1500 மணி நேரம் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் விமானவியலில் இளங்கலை முடித்து, பறக்கும் பயிற்சியையும் அதோடு சேர்த்துப் பெற்றவர்களுக்கு 1000 மணி நேரம் போதும் என்று சலுகை தருகிறார்கள். முதுகலை படித்தால் இன்னும் குறையுமா என்றால், குறையாது. நான்காண்டுப் பட்டத்தைக் கட்டாயமாக வைத்திருந்த டெல்டா ஏர்லைன்ஸ்கூட 2022-இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது.

அப்படியானால் மேற்படிப்பு வீணா?

இல்லை. அது பயன்படும் இடம் வேறு, நேரம் வேறு. அவற்றைத் தெரிந்துகொள்வோம்.

முதலாவது, பறக்க முடியாமல் போகும் நாள். விமானியின் வேலை அவருடைய உடல்நலத்தில் தொங்குகிறது. ஒரு நெஞ்சுவலி, ஒரு பார்வைக் குறை போதும், மருத்துவச் சான்று நின்றுவிடும். நிறுவனங்களும் விழுகின்றன. கிங்ஃபிஷர் 2012-இலும், ஜெட் ஏர்வேஸ் 2019-இலும், கோ ஃபர்ஸ்ட் 2023-இலும் பறப்பதை நிறுத்தின. 2020-இல் கொரோனாவால் மார்ச் 25 முதல் இரண்டு மாதங்கள் உள்நாட்டு விமானங்களே ஓடவில்லை. இப்படிப்பட்ட நாளில் பிளஸ் டூ மட்டும் படித்த விமானிக்குப் பட்டம் கேட்கும் வேறு வேலைகளுக்கு விண்ணப்பிக்க வழியில்லை. ஆனால் இந்த ஆபத்துக்கு முதல் கேடயம் இளங்கலைப் பட்டம். அதைத் தாண்டி முதுகலைக்கு ஓடுவதில் பொருளில்லை.

இரண்டாவது, நிர்வாகப் பொறுப்பு. விமானப் பாதுகாப்பு, பயிற்சித் துறை, செயல்பாட்டு மேலாண்மை போன்ற பதவிகளுக்குப் போக நினைக்கும் அனுபவமுள்ள கேப்டனுக்கு முதுகலை நிச்சயம் உதவும். பறந்துகொண்டே பகுதிநேரமாகப் படிக்கலாம். அப்போது செலவும் சொந்தச் சம்பளத்திலேயே நடக்கும்.

மூன்றாவது, இந்திய விமானப்படை. நம் மாநிலத்தில் குன்னூருக்கு அருகே வெலிங்டனில் இருக்கும் பாதுகாப்புப் படை அதிகாரிகள் கல்லூரிக்கு, பல ஆண்டுகள் பணியாற்றிய முப்படை அதிகாரிகள் வருகிறார்கள். விமானிகளும் வருகிறார்கள். அங்கே படித்து முடிப்பவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் எம்.எஸ்சி. பட்டம் வழங்குகிறது. அதாவது பறந்து பழகிய பிறகுதான் அந்தப் பட்டம் வருகிறது, அதற்கு முன்னால் அல்ல.

நான்காவது, விண்வெளி. 2025-இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்று வந்த விமானப்படை விமானி சுபான்ஷு சுக்லா, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் விண்வெளிப் பொறியியலில் எம்.டெக். படித்தவர். அமெரிக்காவின் நாசாவும் விண்வெளி வீரர்களுக்கு அறிவியல் துறை முதுகலையையோ, அதற்கு இணையான தகுதியையோ கேட்கிறது. சோதனை விமானி பயிற்சி முடித்தவர்களையும் அந்தத் தகுதியில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

கலாம் அவர்கள் தரும் பாடம்

ராமேஸ்வரத்தில் பிறந்த டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் விமானியாகத்தான் ஆசைப்பட்டார். டேராடூனில் நடந்த விமானப்படைத் தேர்வில் எட்டுப் பேரை எடுத்தார்கள். அவர் ஒன்பதாவது இடத்தில் வந்தார். ஓர் இடத்தில் ஆசை கைநழுவியது. ஆனால் சென்னை எம்.ஐ.டி.யில் படித்த விமானப் பொறியியல் அவர் கையில் இருந்தது. அது அவரைப் பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்பப் பணியில் சேர்த்தது. அதன் பிறகு நடந்தது நாடறியும்.

அந்தப் படிப்புக்குச் சேர்க்கைக் கட்டணம் கட்டப் பணமில்லாதபோது அவருடைய சகோதரி ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். நம் ஊர்களில் இந்தச் செய்தியைச் சொல்லி, "படிப்புக்காக நகையை விற்பதில் என்ன தவறு?" என்று கேட்பவர்கள் உண்டு. தவறில்லைதான். ஆனால் அந்தச் சகோதரி தானாக மனமுவந்து கொடுத்தார். அது இல்லாவிட்டால் தம்பி பொறியாளராகவே ஆகியிருக்க முடியாது. ஏற்கெனவே உரிமம் இருக்கும் ஒரு விமானிக்கு எம்.பி.ஏ. அப்படிப்பட்ட வாசல் அல்ல.

பணக் கணக்கு

நம் நாட்டில் விமானிப் பயிற்சிக்குப் பல இடங்களில் 50 லட்சம் ரூபாயைத் தாண்டிச் செலவாகிறது. டைப் ரேட்டிங்குக்குத் தனியாகப் பல லட்சம் வேண்டும். இதற்கு மேல் முதுகலைக்கும் செலவிட்டால், கடைசியில் வட்டிக் கடனில்தான் போய் நிற்கும். வட்டி நமக்கு ஹராம் என்பது ஒரு பக்கம். வேலை எப்போது கிடைக்கும் என்று தெரியாத நிலையில் மாதத் தவணை கழுத்தை நெரிக்கும் என்பது இன்னொரு பக்கம்.

செலவில்லாத வழியும் இருப்பதைப் பலர் அறிவதில்லை. யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் என்.டி.ஏ. தேர்வை 12-ஆம் வகுப்பு படிக்கும்போதே எழுதலாம். விமானப்படைக்குத் தேர்வானால் பயிற்சியை அரசே தருகிறது, பட்டமும் கிடைக்கிறது. 2021 முதல் பெண் பிள்ளைகளும் இந்தத் தேர்வை எழுதுகிறார்கள். பட்டம் முடித்தவர்களுக்கு ஏ.எஃப்.சி.ஏ.டி. தேர்வு இருக்கிறது. இதற்கு 12-ஆம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் வேண்டும், பட்டத்தில் 60 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும்.

நம் ஆலோசனை

1. ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன் மருத்துவப் பரிசோதனையை முடியுங்கள். நிறக்குருடு போன்ற குறை பின்னால் தெரிந்தால் கட்டிய பணம் திரும்பாது.

2. விமானிப் பயிற்சியோடு ஓர் இளங்கலைப் பட்டத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைநிலைக் கல்வியிலும் படிக்கலாம். ரேபரேலி அருகே ஃபர்சத்கஞ்சில் இருக்கும் மத்திய அரசின் இந்திரா காந்தி விமானப் பயிற்சி நிறுவனத்தில் பயிற்சியோடு பி.எஸ்சி. படிக்கவும் வாய்ப்பு இருக்கிறது.

3. உரிமம் வாங்கிய பின் மிச்சமிருக்கும் பணத்தை ரேட்டிங்குகளைக் காலாவதியாகாமல் வைத்திருக்கச் செலவிடுங்கள். எந்த விமானத்துக்கு ஆளெடுக்கிறார்கள் என்று பார்க்காமல் டைப் ரேட்டிங்குக்குப் பணம் கட்டாதீர்கள்.

4. முதுகலையை, வேலையில் சேர்ந்து சில ஆண்டுகள் பறந்த பிறகு, எந்தப் பொறுப்புக்குப் போக வேண்டும் என்று தெரிந்துகொண்டு படியுங்கள்.

5. "எங்கள் எம்.பி.ஏ. படித்தால் ஏர்லைன் வேலை உறுதி" என்று விளம்பரம் செய்பவர்களிடம், அப்படி வேலை பெற்ற விமானிகளோடு நேரில் பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

அந்தக் குடும்பத்துக்கு நாம் சொன்னது இதுதான்: நகையைத் தொடாதீர்கள். அது அந்தப் பெண் பிள்ளையை நினைத்து எடுத்து வைத்தது. அண்ணனின் காத்திருப்புக் காலத்தைக் கடத்துவதற்கு அது ஈடாகக் கூடாது. மகனுக்கு இளங்கலைப் பட்டம் இல்லை என்பது பேச்சில்தான் தெரிய வந்தது. முதலில் அதற்குத் தொலைநிலைக் கல்வியில் சேரச் சொன்னோம். பயிற்சிப் பள்ளிகளில் தரைப்பாட ஆசிரியராகவோ, விமான நிலையப் பணியிலோ சேர்ந்துகொண்டு தேர்வுகளுக்குத் தயாராகச் சொன்னோம். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கைப் புதுப்பிக்கும் செலவுக்கு மட்டும், நம் கமிட்டியின் மஷூராவுக்குப் பின், கர்ளன் ஹஸனாவாக உதவலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

மகனின் முகத்தில் முதலில் ஏமாற்றம் தெரிந்தது. உம்மா எதுவும் பேசவில்லை. எழுந்து போகும்போது, "நகையைப் பெட்டியிலேயே வச்சிடறேன்" என்று மட்டும் சொன்னார்கள்.

இதுபோன்ற முடிவில் நிற்கும் குடும்பங்கள் பணம் கட்டுவதற்கு முன்பே நம்மிடம் வாருங்கள். கலந்து பேசுங்கள், இஸ்திகாரா தொழுங்கள், பிறகு முடிவெடுங்கள். நம் பிள்ளைகளின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.