கம்பிக்குக் கனம் சேர்க்கும் மின்தேக்கி

1996 பிப்ரவரி 25. பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த கொலம்பியா விண்வெளி ஓடத்திலிருந்து, இத்தாலியில் செய்த செயற்கைக்கோள் ஒன்றை இரண்டரை மில்லிமீட்டர் தடிமன் வடத்தில் கட்டி மேலே விட்டுக்கொண்டிருந்தார்கள். 19.7 கிலோமீட்டர் போனதும் வடம் அறுந்தது. அதை அறுத்தது மின்சாரம். வடத்துக்குள் ஓடிய செம்புக் கம்பியில் ஏறத்தாழ 3,500 வோல்ட் உருவாகியிருந்தது. காப்புறையில் இருந்த சிறு பழுது வழியே பொறி பாய்ந்து வடத்தை எரித்துவிட்டது.

பூமியின் காந்தப்புலத்தை ஒரு கடத்தி வினாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் வெட்டிச் சென்றதற்கே அத்தனை வோல்ட். 1831இல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. பறக்கும் விமானத்தின் இறக்கைகளிலும் உண்டு; ஆனால் பயன்படாது. இறக்கை முனைகளை இணைக்கும் ஒயரும் கூடவே பறப்பதால், அதிலும் அதே அளவு மின்னழுத்தம் எதிராக நிற்கும். கூடவே ஓடாத ஒரு பாதை வேண்டும். கொலம்பியாவுக்கு அயனிமண்டலம் அந்தப் பாதையாக அமைந்தது.

மேசைமேல் இதைச் செய்ய இரண்டு தண்டவாளங்கள் போதும். இடைவெளி 1 மீட்டர், 0.5 டெஸ்லா காந்தப்புலம், குறுக்கே ஒரு செம்புத் தண்டு. தண்டு வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நகர்ந்தால் 1 வோல்ட் கிடைக்கும். தண்டவாளங்களின் கோடியில் 1 ஃபாரட் மின்தேக்கியை இணைப்போம். தண்டு ஓட ஓட அது நிறைந்துகொண்டே போகும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். போகாது. மின்தேக்கியும் 1 வோல்ட்டை எட்டியதும் மின்னோட்டம் நின்றுவிடும். அதன்பின் அதே வேகத்தில் எத்தனை தூரம் ஓடினாலும் ஒரு எலெக்ட்ரான்கூடக் கூடுதலாகச் சேராது. மறுபடி மின்னோட்டம் வேண்டுமானால் வேகம் மாற வேண்டும். தண்டைத் தள்ளிய கை இதற்கு 1 ஜூல் செலவிட்டிருக்கும். மின்தேக்கியில் இருப்பது அரை ஜூல், மீதி வெப்பமாகப் போயிற்று.

இப்போது தண்டவாளங்களை நிமிர்த்தி, புலத்தைக் கிடைமட்டமாகத் திருப்பி, தண்டை விழவிடுவோம். மின்தேக்கிக்குப் பதில் மின்தடை இருந்தால் தண்டு மழைத்துளிபோல ஒரு கட்டத்தில் சீரான வேகத்துக்கு வந்துவிடும். மின்தேக்கி இருந்தால் கதையே வேறு. வேகம் கூடக் கூட மின்னூட்டம் ஒரே சீராக ஏறும். எனவே மின்னோட்டமும் லென்ஸ் விதிப்படி எழும் எதிர்விசையும் மாறாமல் இருக்கும். மின்தடை மிகக் குறைவு என்று வைத்துக் கணக்கிட்டால், தண்டின் நிறையோடு இன்னொரு நிறை சேர்ந்ததுபோல விடை வரும்: புலத்தின் வர்க்கம், நீளத்தின் வர்க்கம், மின்தேக்குத்திறன் மூன்றின் பெருக்கல். நம் எண்களுக்கு அது 250 கிராம். தண்டும் 250 கிராம் என்றால் முடுக்கம் 9.8இலிருந்து 4.9ஆகப் பாதியாகும். இயக்க ஆற்றலில் குறைந்த பாதி அப்படியே மின்தேக்கியில் இருக்கும். பள்ளி இயற்பியலில் இதைவிட அழகான விடையை நான் கண்டதில்லை.

தண்டைப் பிடித்து நிறுத்தினால் மின்தேக்கி சும்மா இருக்காது; வந்த வழியே மின்னோட்டத்தைத் திருப்பி அனுப்பி, தண்டை அது போன திசையிலேயே தள்ளப் பார்க்கும். சேமித்தது கையைவிட்டுப் போகாமல் தடுக்க டையோடு ஒன்று வேண்டும். சிலிக்கான் டையோடு என்றால் சுமார் 0.7 வோல்ட்டை அதுவே எடுத்துக்கொள்ளும். நம் 1 வோல்ட்டில் 0.3தான் மிஞ்சும். ஆற்றலோ மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஒற்றைத் தண்டை விட்டுவிட்டு, டைனமோ செய்பவர்கள் நூற்றுக்கணக்கான சுற்றுகள் கொண்ட கம்பிச்சுருளுக்குப் போவது அதனால்தான்.