இ-சலான் வந்திருக்கிறதா? நிஜமா, போலியா என்று நீங்களே பார்க்கலாம்

காரைக்காலில் வண்டி வைத்திருப்பவர்கள், கடல் இருக்கும் கிழக்கைத் தவிர, எந்தத் திசையில் கிளம்பினாலும் சற்று நேரத்தில் தமிழ்நாட்டிற்குள் நுழைந்துவிடுவார்கள். வடக்கே பூவம் தாண்டினால் தரங்கம்பாடி. தெற்கே வாஞ்சூர் தாண்டினால் நாகூர். நம்பர் பிளேட்டில் பி.ஒய். 02 என்று இருந்தாலும், எல்லை தாண்டியபின் அபராதம் போடுவது தமிழ்நாடு காவல் துறைதான். முன்பெல்லாம் வண்டியை நிறுத்தி, லைசென்ஸைப் பார்த்து, ரசீது கொடுப்பார்கள். கேமரா யாரையும் நிறுத்துவதில்லை. படம் எடுத்துக் கொள்கிறது. சில நாட்கள் கழித்து உங்கள் மொபைலுக்கு எஸ்.எம்.எஸ். வருகிறது.

இதைப் பார்த்து மோசடிக்காரர்களும் அதே போன்ற செய்திகளை அனுப்புகிறார்கள். உண்மையான சலானைக் கட்டாமல் விட்டால் வழக்கு. போலியை நம்பினால் வங்கிக் கணக்கு காலி. எது உண்மை என்று கண்டறிய வீட்டில் உள்ள கம்ப்யூட்டரும் ஐந்து நிமிடமும் போதும். முதலில் இந்த ஏற்பாடு இயங்கும் விதத்தைப் பார்க்கலாம்.

வேகம் எப்படி அளக்கப்படுகிறது?

மூன்று முறைகள் உள்ளன. முதலாவது ரேடார். கருவி அனுப்பும் ரேடியோ அலை வண்டியில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் சற்று மாறுகிறது. இதனை டாப்ளர் விளைவு என்பார்கள். 24 கிகாஹெர்ட்ஸ் ரேடாரை நோக்கி 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வந்தால், திரும்பும் அலையில் சுமார் 2,700 ஹெர்ட்ஸ் கூடும். இந்த மாற்றத்திலிருந்து வேகம் கணக்கிடப்படுகிறது.

இரண்டாவது லேசர். லேசர் துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்பி, அவை திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு வண்டியின் தூரம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்க்கிறது.

மூன்றாவது சராசரி வேகம். இரண்டு கேமராக்கள் 2 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ளன என்று வைத்துக் கொள்வோம். முதல் கேமராவிலிருந்து இரண்டாவதற்கு நீங்கள் 90 வினாடிகளில் வந்தால் சராசரி வேகம் 80 கிலோமீட்டர். கேமராவைப் பார்த்ததும் பிரேக் போடும் தந்திரம் இங்கே பலிக்காது.

ஒரு சுவையான தகவல். உலகெங்கும் பெயர் பெற்ற ‘காட்சோ’ கேமராவை உருவாக்கிய மாரிஸ் காட்சோனிடஸ் ஒரு கார் பந்தய வீரர். 1953-ல் மான்டி கார்லோ ராலியில் வென்றவர்.

படத்திலிருந்து உங்கள் பெயர் வரை

ஸ்கேன் செய்த தாளில் உள்ள எழுத்துக்களை டெக்ஸ்டாக மாற்றும் ஓ.சி.ஆர். சாப்ட்வேர் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே வேலையைத்தான் நம்பர் பிளேட்டைப் படிக்கும் சாப்ட்வேரும் செய்கிறது. படித்த எண், வாகனப் பதிவு விவரங்கள் உள்ள ‘வாஹன்’ டேட்டாபேஸில் தேடப்படுகிறது. உரிமையாளர் பெயர், முகவரி, மொபைல் எண் கிடைத்துவிடும். வாஹன், இ-சலான் இரண்டையும் தயாரித்தது மத்திய அரசின் தேசிய தகவலியல் மையம்.

இதில் பிழை எங்கே நுழையும்? நம் ஊர் நம்பர் பிளேட்டில் வழக்கமாக முதல் இரண்டு இடங்கள் எழுத்து, அடுத்த இரண்டு எண். எனவே எண் வர வேண்டிய இடத்தில் ‘ஓ’ என்று படித்துவிட்டால், அது பூஜ்யம் என சாப்ட்வேர் திருத்திக் கொள்ள முடியும். ஆனால் 3 என்பதை 8 என்று படித்துவிட்டால்? இரண்டுமே எண்கள். எண்ணை மட்டும் பார்த்து இந்தத் தவறைப் பிடிக்க முடியாது. வேறொருவரின் வண்டிக்கான அபராதம் உங்கள் பெயரில் வந்து நிற்கலாம். ஆகவே சலானில் உள்ள படத்தை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவு அதிவேகத்திற்கானது. 2019-ம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன் முதல் தடவைக்கு அதிகபட்ச அபராதம் 400 ரூபாய். அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் இலகுரக வாகனங்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 வரை என உயர்த்தப்பட்டது. மறுமுறை பிடிபட்டால் லைசென்ஸும் பறிமுதல் செய்யப்படலாம்.

கேமராக்களுக்கான விதி 167ஏ, 2021 ஆகஸ்டில் வந்தது. குற்றத்தையும் நம்பர் பிளேட்டையும் காட்டும் தெளிவான படம், கருவி அளந்த வேகம், தேதி, நேரம், இடம், மீறப்பட்ட சட்டப்பிரிவு ஆகியவை நோட்டீசில் இருக்க வேண்டும் என்று அது கூறியது. கண்காணிப்பு உள்ள சாலையில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்றும், நோட்டீசை 15 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும் என்றும் வைத்தது.

ஓட்டியது நீங்கள் இல்லை என்றாலும் நோட்டீஸ் உரிமையாளருக்குத்தான் வரும். ஓட்டியவர் யார் என்று அதிகாரி கேட்டால் தெரிவிக்க வேண்டியது 133-வது பிரிவின்படி உரிமையாளரின் கடமை.

கம்ப்யூட்டரில் சரிபார்க்கும் வழி

எஸ்.எம்.எஸ்.ஸில் உள்ள லிங்க்கைத் தொடாதீர்கள். பிரவுசரைத் திறந்து முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள்.

1. அட்ரஸ் பாரில் ‘இசலான் டாட் பரிவாஹன் டாட் ஜி.ஓ.வி. டாட் இன்’ என்ற முகவரியை ஆங்கிலத்தில் அமைத்து என்டர் தட்டவும். சலானில் இரண்டு ‘எல்’, பரிவாஹனில் ‘வி’.

2. சலான் நிலையைப் பார்ப்பதற்கான பிரிவைத் தேர்ந்தெடுக்கவும்.

3. சலான் எண், வாகன எண், லைசென்ஸ் எண் ஆகிய மூன்றில் ஒன்றைக் கொண்டு தேடலாம். வாகன எண் கொடுத்தால் சேஸிஸ் அல்லது என்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களும் கேட்கப்படும். ஆர்.சி.யைக் கையில் வைத்துக் கொள்ளவும்.

4. படத்தில் தெரியும் கேப்சா எழுத்துக்களை டைப் செய்து, ஓ.டி.பி. கேட்டால் அதையும் தரவும்.

5. சலான் இருந்தால் தேதி, தொகை, மாநிலம் ஆகியவற்றுடன் பட்டியல் கிடைக்கும். அதனை பிரிண்ட் எடுக்கவும். படத்தில் இருப்பது உங்கள் வண்டிதானா, நிறமும் மாடலும் சரியா, அந்த நேரத்தில் வண்டி அங்கே இருந்ததா என்று பாருங்கள்.

எல்லாம் சரி என்றால் அதே தளத்தில் பணம் செலுத்தி ரசீதைச் சேமித்து வையுங்கள். தவறு என்றால் குறை தெரிவிக்கும் பகுதியில் சலான் எண்ணையும் ஆதாரத்தையும் இணைத்துப் புகார் செய்யலாம். சலான் மெய்நிகர் நீதிமன்றத்திற்குச் சென்றிருந்தால், ‘வி-கோர்ட்ஸ்’ தளத்தில் அபராதத்தை ஏற்கலாம். எதிர்த்து வழக்காடவும் தேர்வு செய்யலாம். அப்படித் தேர்வு செய்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்திற்குப் போகும். வெளியூர் நீதிமன்றம் என்றால் பயணச் செலவையும் கணக்கில் கொள்ளுங்கள்.

போலியை அடையாளம் காண

போலிச் செய்தி பெரும்பாலும் சாதாரண பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்தோ வாட்ஸ்அப்பிலோ வரும். அரசுத் துறை எஸ்.எம்.எஸ். அனுப்புபவர் பெயரின் இறுதியில் ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்து சேர்க்கும் முறை 2025-ல் வந்துள்ளது. போலித் தளத்தின் முகவரியில் பரிவாஹன் என்ற சொல் நடுவில் இருக்கும். ஆனால் முடிவில் ‘ஜி.ஓ.வி. டாட் இன்’ இருக்காது. முகவரியை எப்போதும் முடிவிலிருந்து படித்துப் பழகுங்கள்.

இன்னொன்று ‘ஏ.பி.கே.’ பைல். சலான் விவரம் என்று வாட்ஸ்அப்பில் இது வந்தால் திறக்கவே கூடாது. விண்டோஸில் இ.எக்ஸ்.இ. பைல் எப்படியோ, ஆண்ட்ராய்டு போனில் ஏ.பி.கே. அப்படி. அது ஆவணம் அல்ல, புரோகிராம். நிறுவியதும் உங்கள் எஸ்.எம்.எஸ்.களைப் படித்து வங்கி ஓ.டி.பி.யை வெளியே அனுப்பிவிடும். ஏமாந்துவிட்டால் போனின் இன்டர்நெட்டை உடனே துண்டித்து, வேறொரு போனிலிருந்து வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தகவல் தாருங்கள்.

கடைசியாக ஒன்று. வாஹன் பதிவில் இருப்பது உங்கள் பழைய மொபைல் எண் என்றால், உண்மையான சலான் வந்ததே தெரியாமல் போகும். எல்லைக்கு அப்பால் விற்ற பைக்கிற்குப் பெயர் மாற்றம் நடக்கவில்லை என்றால், அதை வாங்கியவர் ஓட்டும் வேகத்திற்கு உங்களுக்கு நோட்டீஸ் வரும். பரிவாஹன் தளத்தில் இந்த இரண்டையும் இன்றே சரிபார்த்து வைப்பது நல்லது.